ஞானதுரையின் கழுத்துக் கறுப்பு

தென்காசியில் மரக்கடை வைத்திருந்த ஞானதுரைக்கு அப்போது வயது இருபத்தெட்டு. ஆள் நல்ல பருமன். தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் பலவேசம்தான், "அண்ணாச்சி, கழுத்துக் கறுப்பு எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார்.

பயந்துகொண்டே போனான். டாக்டர் அவன் சிறுநீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சினார். அது செங்கல் நிறமானது.

"சர்க்கரை. உடம்புல இன்சுலின் சுரக்குது. கொழுப்பும் புகையும் அதை வேலை செய்ய விட மாட்டேங்குது. கழுத்துக் கறுப்பும் அதனாலதான்."

அவன் மனைவி சுகிர்தம் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. "பிள்ளை முகத்தைப் பார்ப்பேனா?" என்று டாக்டரிடம் கேட்டான்.

அன்றே சிகரெட்டை விட்டான். தினமும் குற்றாலம்வரை நடந்தான். மகள் பிறந்த பிறகு மறுபடி சோதனை. மருந்து கொதித்து முடியும்வரை கண்ணை இறுக மூடியிருந்தான்.

"பாருமய்யா, பச்சை. சர்க்கரை குறைஞ்சிருக்கு, போகலை" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையிலும் நடக்கக் கிளம்பினான்.