கரடிக்கு ஊற்றிய கசடு

மாரியம்மாளின் இடது கண்ணைப் பறித்தவன் நான்தான்.

கரடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். வனத்துறைக் கோப்பிலும் கரடி என்றுதான் எழுதியிருக்கிறது. பாய்ந்தது கரடிதான், கிழித்தது அதன் நகம்தான்... ஆனால் அந்தக் கரடியை எங்கள் சந்துக்குப் பழக்கி வைத்தவன் நான். இதை என் மனைவியிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் எனக்கு யாரோ. நாளைக்கு என் கடைக்கு எண்ணெய் வாங்க வரமாட்டீர்கள். அந்தத் தைரியம்தான். கோழையின் தைரியம்!

காரமடையைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. முன்பு சோளக்காடாக இருந்த பூமியை மனை பிரித்து விற்றார்கள். கோவை காந்திபுரத்துச் சத்தம் ஆகாதவர்களும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் நல்ல காற்று என்று வந்து குடியேறினார்கள். நான் அன்னூரிலிருந்து வந்தேன். கடைசி வரிசையில் வீடு, வீட்டை ஒட்டி மரச்செக்கு. பின்னால் ஒரு சந்து. அதைத் தாண்டினால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு.

நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி சேர்ப்போம். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் மேலே தெளியும். அடியில் கசடு தங்கும். கறுப்பாக, கொழகொழவென்று, இனிப்பு வாடையோடு. அன்னூரில் அதைப் புண்ணாக்கோடு கலந்து மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். எங்கள் குடியிருப்பில் மாடு ஏது? நாய்கள் உண்டு, அவையும் பிஸ்கட் தின்கிற நாய்கள். ஆகவே கசடை ஓடைப் பாறையில் கொண்டுபோய்க் கொட்டினேன். தொடக்கம் அவ்வளவுதான்.

ஒரு மாலை, மொட்டைமாடியில் காயவைத்த எள்ளை அள்ளிக்கொண்டிருந்தேன். பாறையில் யாரோ கம்பளி போர்த்திக்கொண்டு குனிந்திருப்பதுபோல் தெரிந்தது. அந்த உருவம் நிமிர்ந்தது. மார்பில் வெள்ளைக் கோடு! மறுபடி குனிந்து பாறையை நக்கத் தொடங்கியது. அது உறிஞ்சும் சத்தம் மாடிவரை கேட்டது.

பயந்தேனா? பயந்தேன். மறுநாளே குழி தோண்டிக் கசடைப் புதைத்திருக்க வேண்டும். புதைக்கவில்லை. இன்னும் இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினேன்!

ஏன் என்று கேட்கிறீர்களா? என் கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள், "கலப்படம் இல்லீங்களே?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். இந்த ஒரு ஜீவன்தான் ஒன்றும் கேட்காமல் நக்கியது. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது... தினமும் சாயங்காலம் நான் அதற்காகக் காத்திருந்தேன். இப்படியே நான்கைந்து மாதம் ஓடியது.

பிறகு என் அண்ணன் இறந்துபோனார். கொடுமுடியில் காரியம். ஆற்றங்கரையில் எல்லாம் முடித்து, அண்ணிக்குத் துணையாக நானும் மனைவியும் நான்கு நாள் தங்கிவிட்டோம். செக்கு ஓடவில்லை. பாறை காய்ந்து கிடந்தது. அங்கே ஒரு வயிறு காத்திருக்கும் என்ற நினைப்பு ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் விடிகாலை அது ஓடையைத் தாண்டிவிட்டது. வாடை பிடித்துக்கொண்டு நேராக என் பின்வாசலுக்கு வந்து, வெளியே வைத்திருந்த கசடு டிரம்மைச் சாய்த்து நக்கிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் தெருக்களைக் கூட்டுகிற மாரியம்மாள், குனிந்து கூட்டியபடியே சந்து முனையில் திரும்பியிருக்கிறாள்...

பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டுச் சொன்னார். வந்து சேர்ந்தேன். சந்தில் இரத்தம் காய்ந்திருந்தது. கவிழ்ந்த டிரம்மின் உட்புறம் துடைத்து வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. டிரம்மைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்! வாசலுக்குப் பினாயில் ஊற்றினேன்! பாறையையும் தேய்த்துவிட்டேன்! அங்கே அவள் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கத்தில் கூட்டம். வனத்துறை ரேஞ்சர் வந்திருந்தார்.

"சுட்டுப்போடோணுங்க! இன்னிக்கு மாரியம்மா, நாளைக்கு எங்கூட்டுக் கொழந்தைங்க" என்றார் முதல் தெரு கண்டக்டர்.

"காட்டு ஓரத்துல நாம வந்து ஊடு கட்டிப்போட்டு, அதையவே சுடச் சொல்றது நாயமாங்க? கூண்டு வெச்சுப் புடிச்சு உள்காட்டுல உடட்டுங்க" என்றார் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர்.

"டீச்சருக்கென்னுங்க, மாடி ஊடு!" என்று யாரோ சொல்ல, பாதிப்பேர் சிரித்தார்கள்.

ரேஞ்சர் கையமர்த்தினார். "நெனச்ச ஒடனே சுட முடியாதுங்க, சட்டம் உடாது. ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க. இங்க ஆராச்சும் அதுக்குத் திங்கறதுக்குப் போட்டுப் பழக்கியிருக்கறீங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க. அத நிறுத்துனா கரடி தானாப் போயிரும். ஆரு மேலயும் கேஸ் போட மாட்டனுங்க."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்திலும் ஒரு நொடி நின்றார். ஒரே ஒரு வாக்கியம் போதும். என் நாக்கில்தான் இருந்தது... நான் எழுந்தேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"சுட்டுப்போடறதுதானுங்க நல்லது" என்றேன்.

கைதட்டினார்கள்!

ஏன் அப்படிச் சொன்னேன்? மாரியம்மாளுக்காக என்று ஊர் நினைத்தது. அவளுக்காக இல்லை. அந்தக் கரடி உயிரோடு இருந்தால் மறுபடி வரும். வந்தால் நூறு வீட்டை விட்டுவிட்டு என் வீட்டுப் பின்வாசலுக்குத்தான் வரும். ஊரே பார்க்க! வேறு யாருக்கும் தெரியாத உண்மை அந்த வாயில்லாப் பிராணிக்கு மட்டும் தெரிந்திருந்தது. சுட அனுமதி கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுதியதும் நான்தான். முதல் கையெழுத்தும் என்னுடையதே.

மனு எந்த மேசையில் தூங்கியதோ... வனத்துறை கூண்டு வைத்தது. பலாப்பழம் வைத்தார்கள், தேன் தடவினார்கள். மூன்று நாள் அது கிட்டேயே வரவில்லை. நான்காம் நாள் ரேஞ்சர் என் கடைக்கு வந்தார்.

"ஏனுங்கண்ணா, எண்ணெக் கசடு கொஞ்சங் கெடைக்குங்களா? கரடிக்கு அதுன்னா உசுருங்க."

அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் கேட்டாரா? அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு வாளி நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று பொழுது சாயும்போதே கூண்டின் கதவு விழுந்தது. பலாப்பழத்தைச் சந்தேகப்பட்ட மிருகம் என் கசடைச் சந்தேகப்படவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு செல்போன். கண்டக்டர் வீட்டில் தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசு இருந்தது. "வெடிக்காதீங்க! வேண்டாமுங்க!" என்று ரேஞ்சர் கத்தியது வெடிச் சத்தத்தில் கேட்கவே இல்லை. அது கம்பியில் முட்டியது. மறுபடி முட்டியது. முகமெல்லாம் இரத்தம்... நான் மொட்டைமாடியில் நின்றிருந்தேன். இறங்கிப் போய் நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் கேட்டிருப்பார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு அப்போது! நான் இறங்கவில்லை.

கூண்டை ஏற்றிப்போன வண்டி மலைப்பாதை ஏறுவதற்குள் கரடி இறந்துவிட்டதாம். சுட வேண்டும் என்றவர்களுக்கும் கூடாது என்றவர்களுக்கும் அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாரியம்மாள் வேலைக்குத் திரும்பி வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நான் கடை திறக்கும் நேரம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, எல்லாருஞ் சொன்னாங்க. எனக்காக எந்திரிச்சுப் பேசுனது நீங்கதானாமா. நீங்க நல்லா இருக்கோணுங்க."

நான் திரும்பிக்கொண்டு பாட்டில்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

"ஒண்ணுதானுங்க வெளங்க மாட்டீங்குது" என்றாள். "எத்தன வருசமா இந்தச் சந்தக் கூட்டறேன். ஒரு நாளும் ஓடையத் தாண்டாத கரடி, அன்னிக்கு எதுக்குங்க இங்க வந்துச்சு?"

கேட்டது ரேஞ்சர் இல்லை. கூட்டமும் இல்லை. கண்ணை இழந்தவளே கேட்கிறாள். இதைவிட எனக்கு வேறு எந்த நேரம் வாய்க்கப்போகிறது?

"தெரியலீங்க, அம்மணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் தினமும் வருகிறாள். இடது பக்கம் ஒதுங்குகிற குப்பை அவளுக்குத் தெரிவதில்லை. என் வாசலில் ஒரு ஓரமாகச் சருகும் காகிதமும் அப்படியே கிடக்கும். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, பிறகு நான் போய் அதைக் கூட்டி அள்ளுகிறேன். அதையும் அவளுக்குத் தெரியாமல்தான் செய்கிறேன்.