படைக்காத கொழுக்கட்டை

கிறிஸ்தவர் என்றால் எதையெல்லாம் தின்னக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் என்றுதான் ஒன்பது வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வயிற்றுக் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தபின், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னச் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அன்றோடு எங்கள் வீட்டில் பொட்டு போனது, பூ போனது, கோயில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் போயின. அப்பா மட்டும் பாதிக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இராஜபாளையத்திலிருந்து எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார், பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். மில்லில் நைட் ஷிப்ட் பார்த்த மனுசன் என்று கர்த்தர் பொறுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

எனக்கு எதிலும் கேள்வி. சபை முடிந்து வரும் வழியில் பால்கோவா வாங்குவோம். கடையில் சாமி படத்துக்கு மாலை போட்டு, முன்னால் ஒரு கிண்ணத்தில் கோவாவும் வைத்திருப்பார்கள். "இது மட்டும் திங்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"கடையில விக்கிறத கேள்வி கேக்காம வாங்கணும்னு பாஸ்டர் சொல்லியிருக்காக. நீ கேட்டுத் தொலச்சிட்டியே," என்றாள் அம்மா. ஆனாலும் வாங்கினாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டு, தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் பக்கத்து வீட்டு அத்தை. சொந்தம் கிடையாது. அம்மா அவளை மதினி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனாள். மாமா ராணுவத்தில், எங்கோ பனி மலையில் இருந்தார். ஒவ்வொரு பிள்ளையார் சதுர்த்திக்கும் அத்தை காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தூக்குவாளியை நீட்டுவாள். "படைக்கல மதினி. தனியா எடுத்து வச்சது. தாராளமாத் தின்னுங்க." அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் தெளிந்துவிடும்.

அந்த வருஷம் மாமா லீவில் வந்திருந்தார். தனியாக எடுத்து வைப்பது எப்படி என்று பார்த்துவிட வேண்டும் என்று நான் காலையிலேயே அவர்கள் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அத்தை முதல் ஈடு வெந்ததும் ஆவி பறக்கக் கொழுக்கட்டைகளை எடுத்துத் தூக்குவாளியில் போட்டாள். குளித்து ஈர வேட்டியோடு வந்த மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, இன்னும் சூடமே ஏத்தல. அதுக்குள்ள யாருக்கு எடுக்க?"

"பக்கத்து வீட்டுக்கு. அவிய படைச்சதத் திங்க மாட்டாக."

"சாமிக்கு முந்தியா? நான் அங்கன உசுரக் கையில பிடிச்சிட்டுக் கிடக்கேன், நீ வருசா வருசம் இங்க இதத்தான் செஞ்சியா?"

அத்தை மூடியை இறுக்கி, வாளியை என் கையில் கொடுத்தாள். "நான் பிள்ளையார்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கேன். அவரு பொறுத்துக்கிடுவாரு. நீ போ தாயி."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "சாமிக்கு முந்தி நாம தின்னா மாமாவுக்கு ஏதாவது ஆயிருமா?"

நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தாள் அம்மா. அவளும் படைக்கும் முன் உப்புப் பார்க்கக்கூட விடாத வீட்டில் வளர்ந்தவள்தான். வாளியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். சண்டைதான் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா பிள்ளையார் படத்துக்கு முன்னால் வாளியை வைத்தாள்.

"இதையும் சேத்துப் படைங்க மதினி. எங்களுக்காக இனிமே முந்தி எடுக்காதீக."

"பொறவு நீங்க திங்க மாட்டீகளே!"

சூடம் காட்டி முடியும் வரை அம்மா வாசலை ஒட்டி நின்றாள். முடிந்ததும் வாளியிலிருந்து ஒன்றை எடுத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, அங்கேயே கடித்தாள். "உக்காந்து தின்னு தங்கச்சி," என்று மாமா பாயை விரித்தார். நானும் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து உருட்டிப் பார்த்தேன். அதே வெல்லம், அதே தேங்காய், அதே ஏலக்காய். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் நாள். மனசில் உறுத்தல் இருப்பவர்கள் எடுக்க வேண்டாம் என்று பாஸ்டர் எப்போதும் போலச் சொன்னார். நான் எப்போதும் போலக் காதில் வாங்கவில்லை. அப்பத் தட்டு அம்மாவிடம் வந்தது. பார்த்தாள், எடுக்காமல் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். தட்டு தன்னிடம் வந்தபோது அப்பா விழித்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சுவரருகே போய் அத்தையிடம் சொன்னேன். "அம்மா இன்னைக்கு அப்பம் எடுக்கல அத்த. உங்க கொழுக்கட்டை வயித்துக்கு ஒத்துக்கல போல."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை திரும்பினாள். "குடுக்கலயா, எடுக்கலயா?"

"தட்டு வந்துச்சு. அம்மாதான் எடுக்கல."

அத்தை பிழிந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பெரியவர்களுக்கு அடிக்கடி ஏதாவது ஞாபகம் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

மறு வருஷம் சதுர்த்திக்கு மாமா எல்லைக்குத் திரும்பிப் போயிருந்தார். சுவருக்கு மேலே தூக்குவாளி வரவில்லை. தன் வீட்டுப் பூசையை முடித்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு, பச்சை மாவும் பூரணமும் எடுத்துக்கொண்டு அத்தையே எங்கள் வீட்டுக்குள் வந்தாள். "அடுப்பப் பத்த வைங்க மதினி. சாமிக்கு முடிஞ்சிட்டு, இது படைக்காத மாவு," என்றாள். எங்கள் இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கொழுக்கட்டை பிடித்தார்கள். அம்மா அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று வைத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.

சொந்த அடுப்பு சூடாக இருக்கும்போது இவள் ஏன் எங்கள் அடுப்படியில் வந்து வேர்த்து வடிகிறாள் என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்டுத் தொலைக்கிற எனக்கு அன்று வாய் நிறையக் கொழுக்கட்டை.