சொல்லிவிட்டுப் போகாத ஊர்

என் அப்பா செல்லையா மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள் அதே தோட்டத்து ஆலையில், இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். ஒரு பிடி இலையை அள்ளி அமுக்கிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் வாட வேண்டும் என்று சொல்வார். மாடிச் சுவரில் வெப்பமானி ஒன்று தொங்கியது. அவர் அதைப் பார்த்து நான் கண்டதில்லை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது கடைசி வீடு, சாலைப் பக்கம். பள்ளி விடுமுறை வந்தால் மலை நகரங்களான தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ஓர் அறை கிடைக்காது. இடம் தேடி அலைந்து தோட்டத்துப் பக்கம் வந்துவிடுகிறவர்களை அப்பா வீட்டுக்குக் கூட்டி வருவார். 1971இல் கிள்ளானிலிருந்து வேனில் வந்த பதினொரு பேர் எங்கள் வீட்டில் தங்கினார்கள். நாங்கள் அடுப்படியில் படுத்தோம். சோறு போதாமல் அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். பக்கத்து வீட்டு ரெங்கசாமி மாமா மறுநாள் வேலியோரம் நின்று, "ஓட்டல் மொதலாளி, இன்னிக்கு எத்தன பேரு?" என்று கேட்டார்.

லயத்தில் யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. முன்கூட்டிக் கடிதம் போட்டால், உன் வீட்டில் சோறு இருக்குமா என்று கேட்டதாக ஆகிவிடும். அப்பா அதை உறுதியாக நம்பினார்.

அம்மா காளியம்மா 1974 டிசம்பரில் இறந்தாள். நான் அப்போது கோலாலம்பூரில் தொலைபேசித் தொழில்நுட்பப் பயிற்சியில் இருந்தேன். வந்து சேர்ந்தேன், ஆனால் வாசலோடு நின்றேன். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. புதைத்த இடத்தில் கல் எதுவும் வைக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அப்பா காலையில் போய் விளக்கேற்றி வருவார். இடம் அவருக்குத் தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டோம்.

1979இல் ஓய்வு பெற்றார். வேலையோடு தோட்டத்து வீடும் போனது. ஈப்போவில் என்னுடன் வந்து இருந்தார். டிசம்பரில் மட்டும் தனியாக பஸ் ஏறி, ரெங்கசாமி மாமா வீட்டில் ஓர் இரவு தங்கி, விளக்கேற்றிவிட்டுத் திரும்புவார்.

1983இல் அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகியிருந்தது.

"இந்த வருசம் நீயும் வாம்மா. பொம்பள வரக்கூடாதுன்னு சொன்னவனெல்லாம் போய்ச் சேந்துட்டான். எடத்த ஒனக்குக் காட்டிட்டா எனக்கு வேற வேல இல்ல."

ஓர் அறைக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன். என் வேலையே தொலைபேசி இணைப்பகத்தில்தான். நாற்காலியை விட்டு எழாமல் முடித்திருக்கலாம்.

"நான் பொறந்த ஊருக்கு நானே புக்கிங் பண்ணணுமா? ரெங்கசாமி கேட்டா சிரிப்பான்லா."

விட்டுவிட்டேன்.

மலையடிவாரத்துத் தாப்பாவில் பஸ் மாறி, தோட்டத்துக்குச் சாலை பிரியும் சிம்பாங்கில் இறங்கினோம். மழை பெய்துகொண்டிருந்தது. லயத்துக்கு ஏறும் மேட்டில் அப்பா ஆறு இடங்களில் நின்றார். ரெங்கசாமி மாமா வீட்டுக் கதவைத் திறந்தது ஜெயா என்கிற இளம்பெண், எங்களுக்குத் தெரியாதவள். மாமா அக்டோபரிலேயே ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்துவிட்டாராம். கோலா தெர்லா பக்கம் மகனுடைய காய்கறித் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி, எந்தத் தோட்டம் என்று தெரியாது என்றாள். அவள் வீட்டுக்குள் விடுமுறைக்கு வந்த உறவினர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் குடிக்கச் சொன்னாள். அப்பா வேண்டாம் என்றார். எங்கள் பழைய வீட்டுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். லயத்தில் பாதி வீடுகளில் புது ஆட்கள். மீதிக் கதவுகளை அப்பா தட்டவில்லை. நனைந்த துணியோடு மகளையும் கூட்டிக்கொண்டு நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

இடுகாடு அடுத்த சரிவில். இப்போதே போய்விடலாம் என்றேன்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல பொம்பளப் புள்ளய அங்க கூட்டிட்டுப் போகமாட்டேன். காலையில வருவோம்."

கோஸ் ஏற்றிய லோரி ஒன்று எங்களைத் தானா ராத்தாவில் இறக்கிவிட்டது. நான்கு ஓட்டல்கள் ஏறி இறங்கினோம். ஒவ்வொன்றிலும் அப்பா, தான் இந்த மலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர் என்று விளக்கினார். நான்காவது ஓட்டலின் கவுண்டரில் ஒரு தமிழ் இளைஞன் இருந்தான்.

"ஊர்க்காரர்னா வீடு இருக்குமே, அங்கிள்," என்றான்.

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான். அப்பா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பொதுத் தொலைபேசியிலிருந்து பிரிஞ்சாங்கில் ஆறு இடங்களுக்குப் பேசினேன். இணைப்புகள் எல்லாம் உடனே கிடைத்தன. அறை எங்கும் இல்லை. கோவில் மண்டபத்திலும் வெளியூர்க் கூட்டம் நிறைந்திருந்தது.

பஸ் நிலையத்து பெஞ்சில் அப்பாவின் உதடு கறுத்து வந்தது. ஒன்பது மணிக்குத் தாப்பாவுக்கு இறங்கும் கடைசி டாக்சியில் இரண்டு இடம் இருந்தது.

"இங்கயே உக்காந்திருப்போம்மா. விடிஞ்சிடும்."

"நெஞ்சு தாங்காதுப்பா. அடுத்த மாசம் வருவோம். நான் புக்கிங் பண்றேன்."

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. நீ படிச்சவ."

 இறங்கும் வழியில் ஒருமுறை பையைத் திறந்து, நாளிதழில் சுற்றியிருந்த அகல்விளக்கு உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

அடுத்த மாதம் போக முடியவில்லை. ஜனவரி நடுவில் படுத்தவர் எழவில்லை. ஒரு நாள் காகிதமும் பென்சிலும் கொடுத்து, இடத்தை வரைந்து காட்டச் சொன்னேன். பாதை ஒன்று வரைந்தார். ஒரு மரம். அதை அடித்துவிட்டு வேறிடத்தில் ஒரு மரம். பிறகு பென்சிலைத் திருப்பித் தந்தார்.

"அங்க நின்னாத்தான்மா தெரியும்."

மார்ச்சில் இறந்தார். ஈப்போவில் அடக்கம் செய்தோம். கல் வைத்தேன். பெயர், தேதி, வரிசை எண் எல்லாம் இருக்கிறது.

1984 டிசம்பருக்குச் செப்டம்பரிலேயே அறை எடுத்தேன். உறுதிக் கடிதம் கைப்பையில் இருந்தது. போன அன்றே கோலா தெர்லாவில் விசாரித்து, மூன்றாவது காய்கறித் தோட்டத்தில் ரெங்கசாமி மாமாவைக் கண்டுபிடித்தேன். அப்பா போனது அவருக்குத் தெரியாது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சிம்பாங்கில வந்து நின்னிருப்பேனே," என்றார்.

மறுநாள் காலை என்னுடன் வந்தார். இடுகாட்டில் பத்து ஆண்டு மழை மண்ணைக் கரைத்திருந்தது. புதர் மண்டிக் கிடந்தது. மாமா ஒரு மேட்டைக் காட்டினார். நான்கு அடி நடந்து, அது இல்லை என்று இன்னொன்றைக் காட்டினார். பிறகு அதற்கும் கீழே ஒன்று.

"அன்னிக்கு நானும்தான் தூக்கிட்டு வந்தேன். செல்லையா இருந்தா கண்ண மூடிட்டுக் காட்டுவான்."

மாமா மூன்று மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணுலயும் ஏத்திடும்மா. ஒன்னு ஒங்கம்மாதான்."

நான் அப்பாவின் விளக்கு ஒன்றைத்தான் கொண்டுபோயிருந்தேன். எந்த மேட்டிலும் வைக்க மனம் வரவில்லை. பாதையிலேயே வைத்து ஏற்றினேன். சுடர் காற்றில் நிற்கவில்லை.