ரெண்டாம் பிரேக்கின் வழக்கு

என் பெரியம்மா மகளின் மகளைக் கட்டியவர் அவர். எனக்கு மாப்பிள்ளை முறை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது வேலை. கற்றுக்கொள்கிறவர் ஸ்டீயரிங் பிடிக்க, இவர் பக்கத்து சீட்டில் இருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் சொந்தக்காரர்களுக்கு அவர் 'ரெண்டாம் பிரேக்'. விசேஷ வீட்டில் யாராவது வாய் நீளமாகப் பேசினால், "ரெண்டாம் பிரேக்கைக் கூப்பிடு, ஒரு மிதி மிதிக்கட்டும்" என்பார்கள். அவரும் சிரிப்பார். மற்றபடி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர்.

அன்று ஓட்டியது ஒரு மருந்துக்கடைக்காரம்மா. நாற்சந்தியை நெருங்கும்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. கூப்பிட்டது அவருடைய அக்கா. எடுக்காவிட்டால் அடுத்த விசேஷம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள். எடுத்தார். "மழை வரும் போலிருக்கே, மாடியில துணி கிடக்கா?" என்று அவள் கேட்டு வாய் மூடவில்லை, சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்த ஒரு கார் இவர் பக்கத்துக் கதவில் மோதியது. முழங்கால் நொறுங்கிவிட்டது.

தப்பு அந்தக் காரின் மேல்தான். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். முழங்கால் மூட்டு மாற்றி வைத்தால் மறுபடி பிரேக் மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழக்கில் பணம் வந்தால்தான் ஆபரேஷன். வராவிட்டால் அந்த சீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ் வக்கீல், போன் கம்பெனியில் விவரம் வாங்கி வந்துவிட்டார். மோதிய நேரத்தில் இவர் பேசிக்கொண்டிருந்தார் என்று. அக்கா பதறிப்போனாள்.

"நான் அவனைக் கூப்பிடவே இல்லன்னு சொல்லிடுறேன், வக்கீல் சார்."

"கம்பெனிக்காரன் சொல்றானேம்மா."

"எங்க குடும்ப விஷயத்துல பேச அவன் யாரு?"

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, பேசினார்னே வச்சுக்குவோம். ஓட்டினது அந்தம்மா. இவர் சும்மா பக்கத்துல உக்காந்திருந்த ஆள். உக்காந்திருக்கிறவன் போன் பேசக் கூடாதா? இதை விடாம பிடிச்சுக்கணும்."

பிடித்துக்கொண்டோம். வாய்தா மேல் வாய்தா. அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கே இடுப்பு கழன்றுவிட்டது. அவர் கால் எப்படி இருந்திருக்கும்! ஒருவழியாக மருந்துக்கடைக்காரம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இவர் எப்படிம்மா சொல்லிக் கொடுப்பார்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், மிகவும் பிரியமாக.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடிபட்ட மனிதருக்கு நம்மால் ஆன உதவி என்று நினைத்திருப்பார்.

"தங்கமான மனுஷன் சார். நான் பயப்படறதுக்கு முன்னாடியே இவரு கால் பிரேக்குல இருக்கும். சந்தி வந்தா நான் பேருக்குத்தான், வண்டி இவரு கால்லதான் போகும். ஒரு நாளும் என்னை எங்கயும் முட்ட விட்டதில்ல."

"அன்னைக்கு மட்டும் ஏம்மா முட்டுச்சு?"

அந்த அம்மா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு... அக்கா லைன்ல இருந்தாங்க."

எங்கள் வக்கீல் பேனாவை மூடிவிட்டார். அடுத்து மாப்பிள்ளையிடம் கேட்டார்கள், அந்த அம்மா சொன்னது உண்மைதானா என்று. சும்மா உட்கார்ந்திருந்த ஆள் நான் என்று அவர் சொல்லியிருக்கலாம். "உண்மைதாங்க" என்றார்.

பெரிய தப்பு மோதிய காரோட்டியுடையது, ஆனால் இவர் பங்கும் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு கொடுத்தது பழைய வைத்தியக் கடனுக்கே சரியாகப் போயிற்று. வராந்தாவில் மருந்துக்கடைக்காரம்மா அழுதுகொண்டு நின்றார்.

"நான் உங்களைப் பத்தி நல்லதுதானே சார் சொன்னேன்?"

"நல்லதுதாம்மா சொன்னீங்க. அழாம போங்க, கடையைத் திறக்க வேண்டாமா?"

இப்போது அவர் சீட்டில் வேறொருவர். மாப்பிள்ளை ஸ்கூல் வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைக்கிறார். போன வாரம் பார்க்கப் போனபோது கேட்டேன்.

"அப்பீல் பண்ணலாம்னு வக்கீல் சொல்றாராமே, மாப்பிள்ளை?"

காலை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு அத்தை? ஜெயிக்கணும்னா, இவன் கால் எப்பவுமே மந்தம், போன் பேசாட்டியும் மிதிச்சிருக்க மாட்டான்னு யாராவது போய்ச் சொல்லணும். அதுக்கு இந்த வலியே பரவாயில்ல."