தம்பி முடுக்கிய நட்டு

அடுத்தவர் வண்டி என்றால் மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு பார்வை போதும். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சௌக்கியம். கரி அப்பி எண்ணெய் வழிந்தால், "பெட்ரோல்ல ஆயிலைக் கொட்டிட்டீங்களா, இல்ல உள்ள தேஞ்சு போச்சா?" என்று வண்டிக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வார்.

சொந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியிடம் மட்டும் அந்தக் கண் மூடிக்கொண்டது. பிளக் அடைத்துக்கொண்டே இருக்கும். புதுசு போடுவார். "இப்ப வர்ற பிளக் எதுவும் சரியில்ல" என்பார். பாதி வழியில் வண்டி நிற்கும். பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி இறங்கித் தள்ளுவாள்.

அந்த எஞ்சினைக் கடைசியாகப் பிரித்துப் பூட்டியவன் அவர் தம்பி. இருவரும் சேர்ந்து தொடங்கிய பட்டறை அது. அன்று வண்டி ஒரே உதையில் கிளம்ப, புகைக்குள் நின்று இருவரும் கண் எரியச் சிரித்தார்கள். காய்ச்சலில் தம்பி போய்ச் சேர்ந்த பிறகு அந்த நட்டுகளில் ஸ்பேனர் வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை.

ஒரு மழை நாளில் வண்டி மறுபடி நின்றது. பட்டறை வரை தள்ளி வந்தவள், தலையைத் துவட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்ற வைத்தியத்தை இதுக்கும் செஞ்சு பாருங்களேன்."

"எது?"

"பிளக் ஓட்டைல கொஞ்சம் ஆயிலை விட்டு உதைக்கறது. உதை கனமானா உள்ள தேய்மானம்னு சொல்வீங்களே. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

"அப்ப நீயே கடையைப் பாத்துக்க."

"பாத்துக்கறேன். முதல்ல உதைங்க."

உதைத்தார். அதுவரை தொளதொளவென்று இறங்கிய கிக்கர், கனத்துப்போய்க் காலைத் திருப்பித் தள்ளியது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. முதல் பிளக் அடைத்தபோதே அது அவருக்குத் தெரியும்.

"கழட்டினா அவன் கைவேலை போயிடுமே" என்றார்.

"என் கொழுந்தனுக்கு நிக்கற வண்டியைக் கண்டாலே ஆகாது. மறந்துட்டீங்களா?"

மண்ணெண்ணெயால் அழுக்கைக் கழுவினார். சிலிண்டர் அடியில், கசிவை அடைக்கத் தடவிப் பிதுங்கிக் காய்ந்த பேஸ்ட்டில் ஒரு கட்டைவிரல் தடம். பிதுங்கியதைத் தம்பி எப்போதும் விரலால்தான் அமுக்குவான். "துணி எதுக்குடா இருக்கு?" என்று இவர் திட்டுவார்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

லேத்துப் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கி, புது பிஸ்டன் போட்டுப் பூட்டியபோது பேஸ்ட் பிதுங்கியது. துணியை எடுத்தவர் கீழே வைத்தார். அதே இடத்தில் கட்டைவிரலால் அமுக்கினார்.

"துணி எதுக்கு இருக்கு?" என்றாள் அவள்.

அவருக்குக் கண்ணைத் துடைக்க அந்தத் துணிதான் கையில் கிடைத்தது.