இரண்டு கதவு ஏரோப்ளேன்

ராக்கெட் செய்கிற ஊருக்கு ஏரோப்ளேன் எம்மாத்திரம் என்று ஒரு காலத்தில் மனதார நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். போன மாதம் என் மகள் சென்னைக்கு எனக்கும் சேர்த்து விமான டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாள். "அதுல எத்தன கதவு? வெளிப்பக்கமாத் தொறக்குமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தன் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாவம், அவளுக்கு அண்ணாச்சியைத் தெரியாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சிவகாசியில், அண்ணாச்சியின் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். உருளை துடைக்கிற மண்ணெண்ணெய் வாசம் மத்தியானச் சோற்றிலும் மணக்கும். அண்ணாச்சிக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. அந்த சீசனில் போட்டிக் கம்பெனிக்காரர் விளம்பரத்துக்குத் தெருத்தெருவாக ஒட்டகம் விட்டார். அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைத் தேற்றத்தான் வாயைத் திறந்தேன்.

"நாம ஏரோப்ளேன் விடுவோம் அண்ணாச்சி. வெளிநாட்டுல பாகம் பாகமாப் பெட்டியில போட்டு விக்கான். வீட்டுலயே கோத்துக்கிடலாம்."

பிரவுசிங் சென்டர் வைத்திருந்த என் நண்பன் காஜா முதல் நாள்தான் அதைத் திரையில் காட்டியிருந்தான்.

"யாருலே ஓட்ட?"

"அதுக்கா ஆளில்ல?"

அண்ணாச்சி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீதாம்லே லேசா இருக்க."

மொட்டைமாடியில் வேட்டி காயப்போடவே கால் நடுங்குகிறவன் நான். மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவரே அவர்தான். ஆகவே, "நாலஞ்சு மாடல ஒப்பிட்டுப் பாத்து எடுப்போம்" என்று இழுத்தேன். காஜா படங்களை அச்சடித்துத் தந்தான்.

மரமும் துணியுமாக ஒன்று. கரையான் திங்கும் என்றேன். தள்ளினார். ஃபைபரில் ஒன்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே ரெண்டு தீபாவளி போய்விடும் என்றேன். அதையும் தள்ளினார். மிஞ்சியவை இரண்டு, இரண்டும் அலுமினியத் தகடு. ஒன்றுக்கு இறக்கை கீழே; ஆள் உட்கார்ந்ததும் தலைக்கு மேல் கண்ணாடி மூடி. மற்றதற்கு இறக்கை மேலே. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவு.

உலகத்தில் எதைக் காட்டினாலும் அண்ணாச்சிக்கு அது பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறைதான்; வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு இரண்டு இல்லாமல் அங்கே யாரையும் உட்காரவிட மாட்டார். படத்தில் கண்ணாடி மூடியை விரலால் தட்டினார்.

"தீப்பிடிச்சா எங்கன ஓடுவ?"

"வானத்துல எங்கன அண்ணாச்சி ஓட?"

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல கதவு இருக்கணும்லா!"

இரண்டு கதவு ஏரோப்ளேன் ஜெயித்தது. அது ஓடி ஏற மல்லாங்கிணறு பக்கம் தன் தரிசுக் காட்டு நிலத்தில் முள் வெட்டவும் ஆள் விட்டுவிட்டார். காஜாவிடம் போய்ப் புலம்பினேன். காஜா ஆறுதல் சொன்னான்: "மாப்ள, தர்காவுல ஒனக்காக ஓதச் சொல்லியிருக்கேன்."

"நல்லா ஏறணும்னா?"

"ஏறுறது தானா ஏறிரும். எறங்கணும்லா."

பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அந்த விமானத்தைப் பற்றி இருந்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு வரியில் தெய்வம் கண் திறந்தது. அச்சகத்துக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, பெட்ரோல் டேங்கு இறக்கையில இருக்கு! தலைக்கு நேர் மேல!"

அவர் முகம் மாறியது. "மருந்தத் தலைக்கு மேல கட்டிக்கிட்டு எவனாவது உக்காருவானாலே?"

பிழைத்தேன் என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது: "டேங்க மட்டும் பத்தடி தள்ளித் தனியா வச்சுத் தர முடியுமான்னு கம்பெனிக்காரனுக்கு மெயிலு போடு."

போட்டேன். முடியும் என்று பதில் வந்தால் நான் பைலட். காஜா கடைப் பக்கம் போகவே பயம். போகாமலிருக்க அதைவிடப் பயம். ஒரு நாள் கையசைத்துக் கூப்பிட்டான். பதில் ஒற்றை வரிதான்: முடியாது. கம்ப்யூட்டர் திரைக்கு முத்தம் கொடுத்தேன்.

"எச்சி பண்ணாத மாப்ள, கஸ்டமர் பாக்கணும்!"

அண்ணாச்சி பெருமூச்சு விட்டுவிட்டு அந்தப் படத்தை ராக்கெட் பெட்டி லேபிளுக்கு வரையச் சொன்னார். அவர் சொன்னபடியே வரைந்தேன்: கதவு இரண்டும் வெளிப்பக்கமாகத் திறந்திருக்க, பெட்ரோல் டேங்கைப் பத்தடி பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு பறக்கிற ஏரோப்ளேன். ராக்கெட் பெட்டி லோடு லோடாக விற்றுப் போயிற்று.

காஜா கடையில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. அச்சகம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அண்ணாச்சியும் இல்லை. அந்த லேபிளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மகள் விமானத்தில் போனாள். நான் அதே சென்னைக்கு விருதுநகர் ஜங்ஷனில் ரயிலேறிப் போனேன்.