மூன்றாம் வரிசை, பதினொன்றாவது கல்

“ஐயா, உங்கள் பட்டியலில் மூன்றாம் வரிசை, பதினொன்றாவது கல் என்று குறித்திருப்பது என் தாத்தாவின் அம்மாவுடையது. பிப்ரவரி முதல் வாரம் பெங்களூருக்கு வருகிறேன். இந்தியா எனக்குப் புதிது. அந்தக் கல்லைப் பார்க்க உதவுவீர்களா? தாத்தாவுக்கு ஒரு போட்டோ வேண்டும்.”

ஆங்கிலத்தில் எனக்கு வந்த மின்னஞ்சலை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7.12க்கு, ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது. கூடவே ஒரு படம், என் கையெழுத்தில் ஒரு நோட்டுப் பக்கம். பதினொன்று என்ற எண்ணுக்கு எதிரே ஒரு பெண்ணின் பெயர், வயது இருபத்தாறு, “அன்பு மனைவி, ஒரு மகனின் தாய்” என்ற வரி. எல்லாம் தெளிவாக இருந்தன. பெயரையும் ஆண்டையும் இங்கே நான் தரவில்லை. அவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பீரோவைத் திறந்து என் நோட்டை எடுத்தேன். வீட்டில் இருப்பது திருத்திய பிரதி. அதில் அதே எண்ணுக்கு எதிரே, “எழுத்துகள் சிதைந்தவை. படிக்க இயலவில்லை” என்றிருக்கிறது. அதுவும் என் கையெழுத்துதான். இரண்டில் ஒன்று பொய்.

சனிக்கிழமைகளில் கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் கல்வெட்டுகளை நகலெடுப்பது என் பழக்கம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. முதல் பிரதியை, இப்படிப்பட்ட பட்டியல்களைச் சேர்க்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். அவர் அதை இணையத்தில் போட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்தது பெருந்தொற்றின் இரண்டாம் அலை. மே மாதம், ஆஸ்பத்திரியில் அம்மா இறந்தாள். எங்களில் ஒரே குழியில் குடும்பத்தாரை ஒருவர்மேல் ஒருவராக வைப்பது உண்டு. ஆனால் முதலில் போனவர் மண்ணாகக் குறிப்பிட்ட வருடங்கள் கழிய வேண்டும். அப்பாவுக்கு இன்னும் கழியவில்லை. வேறு இடமும் இல்லை. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க, தோட்டக் காவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், வெள்ளைக்காரங்க வரிசையில ஒண்ணு இருக்குது. கல்லு சாஞ்சி எத்தினியோ வருஷமாச்சு. எவனும் வர்ல. எவன் வந்து கேக்கப் போறான்?”

யாருடையது என்று நான் கேட்கவில்லை. அந்த வரிசையை நகலெடுத்தவன் நான்தானே. பதினொன்றாவதில் அம்மாவை வைத்தோம்.

அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். தங்கத்துக்காகப் பூமிக்குள் அத்தனை ஆழம் இறங்கியவரின் மகளுக்கு ஆறடி கிடைக்கவில்லை. அந்தத் தங்கம் கப்பலேறிப் போன நாட்டுக்காரி ஒருத்தி, கேட்பாரில்லாமல் ஓரிடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு அதில் ஒரு நியாயம்கூடத் தெரிந்தது. பிறகு நோட்டில் பொய் எழுதியதற்கு, அந்த நியாயத்தையே எழுதியிருக்கலாம்.

அடுத்த ஆண்டு நினைவு நாளுக்குக் கல் வைக்க வேண்டியிருந்தது. அடுகோடி என்ற பேட்டையில் கல் வேலை செய்பவர் வந்து பார்த்துவிட்டு, பழைய கல்லையே புரட்டிப் பின்பக்கம் பாலிஷ் போட்டு எழுதலாம் என்றார். “இந்த மாதிரி கருங்கல்லு இப்பல்லாம் வராது சார்.” சரி என்றேன். அம்மாவின் பெயர் தமிழில் மேலே வந்தது. மற்றவள் பெயர் மண்ணைப் பார்த்தது. அந்த வாரமே நோட்டில் பதினொன்றாம் பதிவை மாற்றினேன்.

மின்னஞ்சலுக்கு “வாருங்கள்” என்று மட்டும் பதில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை 9.30க்கு லால்பாக் வாசலில் சந்தித்தோம். அவளுக்கு வயது இருபத்துமூன்று. ஆஸ்திரேலியா. முதுகில் ஒரு மூட்டை, மார்பில் ஒரு சின்ன மூட்டை. தங்கியிருந்த ஹாஸ்டலில் யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம், முதல் வார்த்தையே “அங்கிள்”.

“முதலில் கல்லறைக்குப் போகலாமா, அங்கிள்?”

“செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும்.”

பூட்டியிருக்காது. எல்லா நாளும் திறந்திருக்கும்.

கண்ணாடி மாளிகையைக் காட்டினேன். பாறைமேல் ஏறினோம். ஊரெங்கும் மரங்கள் ரோஸ் நிறத்தில் பூத்திருக்கும் மாதம் அது. ஒவ்வொரு மரத்தடியிலும் அவள் நின்றாள். பள்ளிப் பெண்கள் நாலு பேர் வந்து அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் யார் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஒருத்தி, “டிரைவராடி?” என்றாள். “டிரைவர் இவ்ளோ பேச மாட்டாரு” என்றாள் இன்னொருத்தி. வெளியே வந்து சாலையைக் கடக்க அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “விசா வாங்கியதுகூடச் சுலபம் அங்கிள். இதுதான்…” என்று சொல்லி, நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் சிரித்தேன். அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை திப்புவின் மர அரண்மனை. அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், எந்தத் தூண் எப்போது, எந்தச் சுவர் எதற்குப் பின் என்று. அவள் கேட்டாள், “இத்தனை தேதிகள் எப்படி நினைவில் நிற்கின்றன?” பிறகு சொன்னாள்: “இணையத்தில் உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் தாத்தா சொன்னார், இப்படி எழுதுகிறவரை நம்பலாம் என்று.”

தாத்தாவுக்குத் தொண்ணூறு வயது. இரண்டு வயதில் இந்த ஊரை விட்டுப் போய்க் கப்பலேறியவர். அம்மாவின் முகம் நினைவில்லை. போட்டோவும் இல்லை. அந்தக் கல் ஒன்றுதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து மார்க்கெட்டில், இங்கே கல்லறைக்கு என்ன பூ கொண்டுபோவார்கள் என்று கேட்டாள். வெள்ளைச் சாமந்தி என்றேன். வாங்கிவிட்டாள். பூக்காரம்மா இலையில் கட்டிக்கொடுத்து, “நாளைக்கே வச்சிடணும், அதுக்கு மேல தாங்காது” என்றார். மறுநாள் மாலை அவளுக்கு ஹம்பி பஸ். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு இருபது. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னிக்கி எந்த அரண்மனை?”

“திப்பு.”

“நாளைக்கு விதான சௌதாவா? எலெக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர் ஒண்ணு பாக்கி இருக்குது. அதையும் காட்டிடுங்க.”

“நாளைக்குச் சொல்லிடறேன்.”

“இன்னான்னு சொல்வீங்க? உங்க பெரியம்மா மேல எங்கம்மா படுத்திருக்காங்கன்னா?”

“பெரியம்மா இல்ல. தாத்தாவோட அம்மா.”

“முறை சரியா சொல்லிட்டா போச்சா? கேளுங்க. அவ ஊர்ல இருந்து ஒரு மெயில் தட்டினா கல்லறைக் கமிட்டி கூடும். வெள்ளைக்காரங்க கேட்டா நம்மாளுங்க எதையும் தோண்டுவாங்க. அத்தைய வெளிய எடுன்னா எங்க கொண்டு வைப்பீங்க? இந்த பீரோலயா?”

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான்.

வியாழன், காலை 10.05. ஆட்டோவில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிரேசர் டவுன் தாண்டும்வரை வாக்கியத்தை ஆங்கிலத்தில் அமைத்துக்கொண்டே வந்தேன். அமைவதற்குள் வாசல் வந்துவிட்டது.

காவலர் எழுந்து வந்தார். “வாங்க சார்! அம்மாவப் பாக்க வந்தீங்களா?”

“என்ன சொல்கிறார்?” என்றாள்.

“வரவேற்கிறார்.”

அவள் என் துணையில்லாமலே மூன்றாம் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டாள். போனில் என் பக்கத்தை வைத்துக்கொண்டு விரல் நீட்டி எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பாலிஷ் போட்ட கல், தமிழ் எழுத்து, போன ஞாயிறு நாங்கள் வைத்த ரோஜா காய்ந்து கிடந்தது. மறுகோடிக்குப் போய் அங்கிருந்து ஒருமுறை எண்ணினாள்.

“இங்கே தமிழில் இருக்கிறதே. யார் இவர்?”

“யாரோ” என்றேன். “வரிசை மாறியிருக்கலாம்.”

பின்னால் வந்து நின்ற காவலருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார், பாப்பா உங்கம்மா கல்லத்தான காட்டுது? அதுதான் இது, புரட்டிப் போட்டோம்னு சொல்லுங்களேன்.”

“என்ன சொல்கிறார்?”

“பழைய கல் மழையில் சாய்ந்து உடைந்துவிட்டதாம். அந்த வேப்பமரத்தடியில் கிடக்கும் துண்டுதானாம்.”

வெளிநாட்டுக்காரர்களுக்கு வருடக்கணக்காக வழி காட்டியவர் அவர். ‘மழை’யும் ‘உடைந்தது’ம் ஆங்கிலத்தில் அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அது எதன் துண்டோ. எழுத்தில்லாதது. அதன் முன்னால் மண்டியிட்டு அவள் பூவை வைத்தாள். வீடியோவில் தாத்தாவைக் கூப்பிட்டாள். திரை முழுக்க ஒரு நெற்றியும் ஒரு காதும் வந்தன. போனை எப்படிப் பிடிப்பது என்று யாரோ அவருக்குச் சொல்வது கேட்டது. பிறகு அவர் கண்கள் தெரிந்தன. துண்டை வெகுநேரம் பார்த்தார். “நிழல் இருக்கிறது” என்றார். “நல்லது. நிழல் இருக்கிறது.” என்னையும் காட்டச் சொன்னார். நன்றி சொன்னார். நான் தலையசைத்தேன்.

கிளம்பும்போது மிச்சமிருந்த சாமந்தியை அம்மாவின் கல்மேல் போட்டாள். “பக்கத்து வீட்டுக்காரர் அல்லவா” என்றாள்.

மாலை பஸ் ஏற்றிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஹம்பியிலிருந்து எழுதினாள். துண்டின் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தாத்தாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்களாம். எழுத்தில்லாத ஒரு கல்லை ஒரு மனிதர் அம்மா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைக் கொடுத்தவன் நான்.

அன்றே உண்மையை எழுதி ஒரு கடிதம் தயாரித்தேன். சும்மா மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை. அவருக்குத் தேவை கல்லில் வெட்டிய அந்த எழுத்து. கல்லைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் படம் பிடித்து, கடிதத்தோடு அனுப்ப வேண்டும். கல் வேலைக்காரரைக் கூப்பிட்டேன்.

“தூக்கிடலாம் சார், நாலு ஆளு போதும். ஆனா கீழ எழுத்து இருக்குமான்னு கேட்டா… மட்டமா உக்காரணும்னா சில கல்லுல தட்டி எடுத்துருவோம். உங்களுதுல எடுத்தனா, விட்டனா? அந்த வருஷம் எத்தினி கல்லு போட்டேன், ஒண்ணும் ஞாபகத்துல இல்ல சார்.”

மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள், “அத்தைய இன்னும் எத்தினி தடவ தொந்தரவு பண்ணுவீங்க? ஒரு தடவ மத்தவங்க இடத்துல வச்சீங்க. அந்தப் பொண்ணு கேட்டப்ப யாரோன்னீங்க. இப்பக் கடப்பாரை போடப் போறீங்களா?” யாரோ என்றதை நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

கல்லைத் தூக்கவில்லை. கடிதம் போகவில்லை. நோட்டில் மட்டும் பதினொன்றாம் பதிவை மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறேன், முதல் பிரதியில் இருந்தபடியே, பெயர், வயது, வரி எல்லாம் சேர்த்து. அதன் கீழே: “இந்த இடத்தில் இப்போது இருவர். இரண்டாமவர் என் தாய். கல் புரட்டப்பட்டது, என் சம்மதத்துடன். அடிப்பக்கத்தில் பழைய எழுத்துகள் இருக்கின்றனவா, தட்டி எடுக்கப்பட்டுவிட்டனவா என்பது சரிபார்க்கப்படவில்லை.”